பிளாக்செயின்ல வீட்டுப் பத்திரம்: நம்ம ஆதார், பான், கைரேகை எல்லாம் எங்க போய் உக்காருது?

மடிப்பாக்கம்_வாடகை

வணக்கம் மக்களே. பள்ளிக்கரணை பக்கம் ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் பாத்து வெச்சிருக்கேன், அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. பில்டர் ஆபீஸ்ல ஒரு தம்பி, எங்க ப்ராஜெக்ட்ல எல்லா அக்ரிமென்டும் பிளாக்செயின்ல, அதாவது பல கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி காப்பி இருக்கற டிஜிட்டல் பதிவேட்டுல ஏறிடும் சார், யாரும் கை வைக்க முடியாது, போலிப் பத்திரம்ங்கற பேச்சுக்கே இடமில்லனு ஒரே பில்டப். சரி நல்லதுதானேனு பாத்தா அவங்க ஆப்ல என் ஆதார் ரெண்டு பக்கமும், பான், செல்ஃபி, வைஃபோட ஆதார், சம்பள ஸ்லிப்னு எல்லாத்தையும் அப்லோட் பண்ணச் சொல்றாங்க. இதெல்லாமும் பிளாக்செயின்ல ஏறுமானு கேட்டா "சேஃபா இருக்கும் சார்"ங்கறதுக்கு மேல பதில் வரல. மாத்தவே முடியாதுன்னா அழிக்கவும் முடியாதுன்னுதானே? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

க்ரிப்டோ_மச்சி

ப்ரோ பயப்படாதீங்க. பிளாக்செயின்ல எல்லாமே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி இருக்கும், யாராலயும் ஹேக் பண்ண முடியாது. துபாய்ல லேண்ட் டிபார்ட்மெண்டே இதுல இறங்கிட்டாங்க, நாம இன்னும் ஜெராக்ஸ் கடை வாசல்ல நிக்கறோம்.

சிறுசேரி_ஐடி

//எல்லாமே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும்//

இல்ல மச்சி. பிட்காயின், எத்தீரியம் ரெண்டுலயும் டிரான்ஸாக்ஷன் திறந்துதான் கிடக்கும், யார் வேணா பாக்கலாம், எல்லாரும் பாத்து சரிபார்க்கணும்னுதான் அதக் கட்டினதே. அதுல இருக்கற கிரிப்டோகிராஃபி கையெழுத்துக்கும், பழைய பிளாக்கை (பதிவுத் தொகுப்பை) யாரும் திருத்தாம இருக்கறதுக்கும். ரகசியம் காக்கறது வேற வேலை, அதை நாமதான் தனியா செய்யணும்.

அடுத்து பில்டர் ஆளுங்க சொல்லப் போறது "சார் நாங்க ஆதார் நம்பரைப் போடல, அதோட ஹேஷ் மட்டும்தான் போடறோம்". ஹேஷ்னா ஒரு தகவலைக் கணக்குப் போட்டு மாத்தினா வர்ற குறியீடு, தகவல்ல ஒரு எழுத்து மாறினாலும் அதுவும் மாறிடும். ஹேஷ்லேருந்து ஒரிஜினலத் திரும்ப எடுக்க முடியாதுங்கறது உண்மைதான், ஆனா கெஸ் பண்ண முடியும். ஆதார் 12 டிஜிட், கடைசி டிஜிட் மத்த டிஜிட் சரியானு பாக்கறதுக்கான வெறும் செக் டிஜிட், முதல் டிஜிட் 0, 1ல ஆரம்பிக்காது. ஆக மொத்தம் பாத்தா 10,000 கோடிக்கும் குறைவான நம்பர்தான். ஒரு நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு செகண்டுல எஸ்எச்ஏ-256ங்கற வழக்கமான முறைல பல நூறு கோடி ஹேஷ் போடும். எல்லா ஆதார் நம்பருக்கும் ஹேஷ் போட்டு எது ஒத்துப்போகுதுனு பாக்க ஒரு டீ குடிக்கற நேரம் கூட ஆகாது. மொபைல் நம்பர் அதவிட மோசம், 6லேருந்து 9 வரைதான் ஆரம்பிக்கும், மொத்தமே 400 கோடி. அதனால நம்பரோட சால்ட்னு ஒரு நீளமான ரேண்டம் எழுத்துக்கோர்வையச் சேத்துத்தான் ஹேஷ் போடணும், அந்த சால்ட்டை செயினுக்கு வெளிய வெச்சுக் காப்பாத்தணும். உங்க பில்டர் தம்பிகிட்ட சால்ட் போட்டீங்களானு கேட்டுப் பாருங்க, கேண்டீன் பக்கம் கை காட்டினாலும் காட்டுவான்.

பத்திரம்_ரைட்டர்

இன்னா சார் செயின்ல ஏறுமா ஏறாதானு இவ்ளோ கவல. நான் எத்தினியோ வருசமா இந்தத் தொழில்ல கீறேன். ஒரு கிரயம் முடியறதுக்குள்ள உங்க ஆதார் காப்பி புரோக்கர் வாட்ஸ்அப்ல கீது, அவருக்கு மேல இன்னொரு புரோக்கர், அவர் வாட்ஸ்அப்லயும் கீது, ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் டவுன்லோடு ஃபோல்டர்ல கீது, லோன் ஏஜென்ட் போன்ல கீது, பேங்க் பேனல் வக்கீல் கட்டுல கீது. சாட்சி கையெழுத்துப் போட்டாரே பக்கத்து வூட்டுக்காரர், அவர் ஆதாரும் இதே ரூட்டு. செயினுக்குப் போறதுக்கு முன்னாடியே ஊர் சுத்தியாச்சு.

போலிப் பத்திரம் வராதுங்கறான் பாரு, அதான் சிரிப்பா வருது. ஆள்மாறாட்டம் எப்படி நடக்குது? செத்துப்போன ஓனர் பேர்ல எவனோ ஒருத்தன் வந்து நிப்பான், கைநாட்டு வெப்பான். அதையும் அந்த செயின் அப்படியே பத்திரமா ஏத்திக்கும்.

பாரிஸ்_வக்கீல்

ரைட்டர் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. சட்டப்பக்கம் கொஞ்சம் சொல்லிடறேன், நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல மடிப்பாக்கம் சாருக்கு. பில்டர் வெச்சிருக்கற பிளாக்செயினுக்கு சொத்து விஷயத்துல சட்டப்படி எந்த மதிப்பும் இல்ல. வீடு உங்க பேருக்கு வரணும்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல முத்திரைத்தீர்வை கட்டி 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதியணும், அவ்வளவுதான். அவர் செயின்ல இருக்கறது அவரோட சொந்த டைரி மாதிரி. அந்த டைரிக்காக உங்க வைஃப் ஆதாரைக் குடுக்கணுமானு நீங்களே முடிவு பண்ணுங்க.

இன்னொன்னு, சொத்துப் பதிவு முழுக்க முழுக்க ரகசியமா இருக்கணும்னு சட்டம் எப்பவுமே சொன்னதில்ல. 57வது பிரிவைப் படிச்சா தெரியும், அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறற 1ஆம் புத்தகத்துல இருக்கற பதிவுக்கு யார் வேணா ஃபீஸ் கட்டி நகல் வாங்கலாம். உயில் ஏறற 3ஆம் புத்தகமும் இதர ஆவணங்களுக்கான 4ஆம் புத்தகமும் அப்படி இல்ல, அதுக்குக் கட்டுப்பாடு உண்டு. 1908லயே வெள்ளைக்காரன் எது ஊருக்குத் தெரியணும், எது தெரியக்கூடாதுனு பிரிச்சு வெச்சிருக்கான். ஏன்னா நீங்க வாங்கற மனைல ஏற்கனவே அடமானம் இருக்கா, முன்னாடியே வித்துட்டாங்களானு நீங்க பாக்க முடியணும். இன்னிக்கு பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் வெப்சைட்ல வீட்ல உக்காந்துட்டே வில்லங்கம் பாக்கறோமே, அது அந்த உரிமைதான். ஆக, பிரச்சனை "தெரியுது"ங்கறதுல இல்ல, எது எது தெரியுதுங்கறதுல.

பிளாக்செயின் இப்ப ஏன் திடீர்னு பேசப்படுதுன்னா, 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு பீகார் வழக்குல, நம்ம நாட்டுல பத்திரப் பதிவு நடந்துட்டா மட்டும் அது முழு உரிமைக்கு உத்தரவாதம் ஆகாது, பிளாக்செயின் மாதிரி தொழில்நுட்பத்தை வெச்சு இத சீரமைக்க முடியுமானு சட்ட ஆணையம் ஆராயட்டும்னு சொல்லிச்சு. அதை வெச்சுத்தான் பில்டருங்க பிரசென்டேஷன் அடிக்கறாங்க.

க்ரிப்டோ_மச்சி

அப்ப டிபிடிபினு தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் எதுக்கு இருக்கு சார்? 2023லயே வந்துச்சே, டேட்டா லீக் பண்ணினா 250 கோடி வரைக்கும் ஃபைன்னு. அழிக்கச் சொல்லிக் கேக்கற உரிமையும் இருக்கு.

பாரிஸ்_வக்கீல்

இருக்கு தம்பி, ஆனா ரெண்டு ஓட்டை. ஒன்னு, சட்டக் கடமைப்படி ஏற்கனவே பொதுவுல வெச்ச தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுனு 3வது பிரிவுலயே இருக்கு. அரசாங்கப் பதிவேட்டுல இருக்கற உங்க பேர், சர்வே நம்பர், கிரயத் தொகை எல்லாம் இந்த வாதத்துக்குள்ள வந்துடும். ரெண்டாவது, வேற சட்டப்படி வெச்சிருக்க வேண்டிய தகவலை அழிக்கச் சொல்லிக் கேக்க முடியாது. கிரயப் பத்திரத்தை யாரும் அழிக்கப் போறதும் இல்ல, அழிக்கவும் கூடாது. விதிகள் 2025 நவம்பர்லதான் நோட்டிஃபை ஆச்சு, முக்கியமான கடமைகள் 18 மாசம் கழிச்சுத்தான் அமலுக்கு வருது.

ஆனா பில்டர் ஆப்புக்கு இந்த ஓட்டை எதுவும் உதவாது. அவர் பதிவேடு இல்ல, தனியார். எதுக்காக வாங்கறோம்னு தெளிவா நோட்டீஸ் குடுத்து சம்மதம் வாங்கணும், வேலை முடிஞ்சா அழிக்கணும். அழிக்கவே முடியாத இடத்துல கொண்டுபோய் வெச்சிட்டு அப்புறம் எப்படி அழிப்பார்?

இன்னொன்னு சொல்லணும். திருத்தமே பண்ண முடியாதுங்கறது நம்ம பதிவு முறைக்குப் புதுசு இல்ல. இப்பவும் பதிஞ்ச பத்திரத்துல எல்லை தப்பா விழுந்தா யாரும் பழைய பதிவை அடிச்சுத் திருத்தறதில்ல, பிழைத்திருத்தல் பத்திரம்னு புதுசா ஒன்னு போட்டு மேல பதியறோம். அதனால "செயின்ல தப்பா ஏறிட்டா என்ன பண்றது"ங்கற பயம் எனக்குப் பெருசா இல்ல.

பெரம்பூர்_அக்கா

எல்லாரும் டெக்னாலஜி, சட்டம்னு பேசறீங்க, நான் சாதாரண கேள்வி கேக்கறேன். நாங்க போன வருஷம் கொளத்தூர் பக்கம் வீடு பதிஞ்சோம். பதிஞ்ச அந்த வாரமே மாடுலர் கிச்சன், சோலார் பேனல், வாட்டர் ப்யூரிஃபையர், கிரில் கேட்னு போன் மேல போன். யார் குடுத்தா நம்பர்னு இன்னி வரைக்கும் தெரியல. அதாவது பரவால்ல. எங்க குடும்பத்துல ஒரு பெரிய சண்டை, ஒரு சொந்தக்காரர்கிட்ட இருந்து ஒதுங்கி இருக்கோம், எந்த ஏரியால வீடு வாங்கினோம்னே சொல்லல. நாளைக்கு எல்லாம் ஒரே செயின்ல வந்து பேரைப் போட்டுத் தேடினா வந்துடும்னா என்ன மாதிரி ஆளுங்க எங்க போறது?

சிறுசேரி_ஐடி

அக்கா, இந்த இழைலயே முக்கியமான கேள்வி உங்களோடதுதான்.

பழைய முறைல பேரை வெச்சுத் தேடறதுக்கும் அட்டவணை உண்டு, சொத்தை வெச்சுத் தேடறதுக்கும் உண்டு. ஆனா ஒவ்வொரு சார்பதிவாளர் ஆபீஸுக்கும் தனித்தனி. உங்க சொந்தக்காரர் தேடணும்னா எந்த ஆபீஸ்னு முதல்ல தெரியணும், அங்க போகணும், மனு எழுதணும், ஃபீஸ் கட்டணும், காத்திருக்கணும். அந்த அலைச்சல்தான் இத்தன வருஷம் ஜனங்களோட ப்ரைவஸியக் காப்பாத்துச்சு, யாரும் திட்டம் போட்டு வெச்ச பாதுகாப்பு இல்ல அது. மாநிலம் முழுக்க ஒரே லெட்ஜர்ல போட்டு சர்ச் பாக்ஸ் வெச்சா சட்டத்துல ஒரு வரி கூட மாறாமலே அந்தப் பாதுகாப்பு காணாமப் போயிடும். அதனால தேடல் சர்வே நம்பர் வழியா மட்டும்தான் இருக்கணும், பேர் வழியா கோர்ட்டோ விசாரணை ஏஜென்சியோ மட்டும்தான் பாக்கணும்னு முதல்லயே எழுதி வெச்சாகணும்.

வாலட் அட்ரஸ், அதாவது செயின்ல ஓனர் பேருக்குப் பதிலா வர்ற அடையாளம், அதுவும் அதே கதைதான். பேர் இல்ல, வெறும் எழுத்தும் நம்பரும்தானேனு சொல்வாங்க. ஒரே அட்ரஸ்ல உங்க மூணு சொத்தும் இருந்தா, ஒன்னு உங்களுதுனு யாருக்காவது தெரிஞ்சா போதும், மீதி ரெண்டும் தன்னால வெளிய வந்துடும். ஒரு ஃபிளாட்டோட ஓனர் யாருனு தெரியறதுக்கு டிடெக்டிவ் வேணாம், வாட்ச்மேன் போதும். பிட்காயினோட ஒரிஜினல் 2008 பேப்பர்லயே ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் புது கீ (டிஜிட்டல் சாவி, அதுலேருந்துதான் அட்ரஸ் வரும்) வெச்சுக்கோங்கனு எழுதியிருக்கு. சொத்துக்கும் அப்படித்தான், ஒரு சொத்துக்கு ஒரு கீ.

மடிப்பாக்கம்_வாடகை

அப்ப செயின்ல என்னதான் சார் வைக்கலாம்? ஒன்னுமே வைக்கக்கூடாதுன்னா அப்புறம் எதுக்கு இது?

சிறுசேரி_ஐடி

ஜார்ஜியா நாட்டுல 2016ல ஆரம்பிச்சாங்க, ஓரளவு உருப்படியா நடந்த உதாரணம்னு அதச் சொல்லுவாங்க. பத்திரம் எல்லாம் பதிவு ஏஜென்சியோட சொந்த டேட்டாபேஸ்லயேதான் இருக்கு, அதோட ஹேஷ் மட்டும் பொது செயின்ல பதிவாகுது. நாளைக்கு ஆபீஸ்ல எவனாவது உள்ள பூந்து பதிவை மாத்தினா ஹேஷ் ஒத்துப்போகாது, மாட்டிக்குவான். நமக்கு வேண்டியதும் இதான். யூரோப்ல டேட்டா பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரல்ல வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதத்தான் சொல்லுது, தனிநபர் தகவலை செயின் மேல வைக்கறத முடிஞ்ச வரை தவிருங்கனு.

என்கிரிப்ட் பண்ணி செயின்லயே போட்டுடலாமேனு சிலர் கேப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. செயின்ல போட்டது நிரந்தரம், என்கிரிப்ஷன் நிரந்தரம் இல்ல. இன்னிக்கு உடைக்க முடியாத பூட்டு இன்னும் இருபது முப்பது வருஷத்துல உடைஞ்சா அன்னிக்கு எல்லா காப்பியும் அங்கேயே உக்காந்திருக்கும். வீடு பேரன் காலம் வரைக்கும் வர்ற சொத்து, பேங்க் ஓடிபி கிடையாது.

எனக்குப் பிடிச்ச டிசைன் இது: பத்திரத்துல இருக்கற ஒவ்வொரு விவரத்துக்கும், அதாவது பேர், எல்லை, பரப்பு, தொகை, ஐடி நம்பர், தனித்தனி சால்ட் போட்டு தனித்தனி ஹேஷ், எல்லாத்தையும் ஜோடி ஜோடியாச் சேத்து மறுபடி மறுபடி ஹேஷ் போடற மெர்க்கிள் ட்ரீயாக் கட்டி உச்சில வர்ற ஒரே ஒரு ஹேஷை மட்டும் செயின்ல வைக்கறது. அப்ப வாங்கறவருக்கு பேரும் எல்லையும் மட்டும் காட்டி, இது பதிஞ்ச பத்திரத்துல இருக்கறதுதான்னு நிரூபிக்கலாம், எவ்ளோவுக்கு வாங்கினோம்னு காட்ட வேண்டியதில்ல. அழிக்கணும்னு வந்தா சால்ட்டை அழிச்சுட்டா செயின்ல மிச்சம் இருக்கற ஹேஷை வெச்சு ஒன்னும் பண்ண முடியாது. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் மாதிரி பர்மிஷன் இருக்கறவங்க மட்டும் சேர்ற செயின்ல இதுக்குனே ப்ரைவேட் டேட்டா கலெக்ஷன்னு ஒன்னு இருக்கு, விவரம் சம்பந்தப்பட்ட நோடுகள்ல (செயினோட காப்பி வெச்சிருக்கற கம்ப்யூட்டர்கள்ல) மட்டும் இருக்கும், மத்தவங்களுக்கு ஹேஷ் மட்டும் போகும்.

ஒரு ப்ராக்டிகல் சிக்கல் சொல்றேன், டெமோல இதச் சொல்லவே மாட்டாங்க. அதே பத்திரத்தை ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணினா ரெண்டு ஹேஷ் வரும். பேப்பர் ஒன்னுதான், ஃபைல் வேற. அதனால ஜெராக்ஸ் கடைல ஸ்கேன் பண்ணின காப்பிய வெச்சு செயின்ல செக் பண்ண முடியாது, சார்பதிவாளர் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு குடுத்த அதே ஃபைல்தான் வேணும்.

ரிட்டயர்டு_பேங்க்

லோன் செக்‌ஷன்ல வேலை பாத்தவன்ங்கற முறைல ஒரு விஷயம். ஹவுசிங் லோன் வாங்கினா மூலப்பத்திரத்தை பேங்க்ல ஒப்படைச்சதுக்கு ஒரு பத்திரம் பதியறோம் இல்லையா, அது வில்லங்கத்துல லோன் தொகையோட வரும். பக்கத்து ஃபிளாட்காரர் நினைச்சா நீங்க எவ்ளோ கடன் வாங்கியிருக்கீங்கனு பாத்துக்கலாம், இப்பவே, எந்த பிளாக்செயினும் இல்லாம. கடன் இருக்குனு தெரியணும், சரி. எவ்ளோனு எல்லாருக்கும் ஏன் தெரியணும்?

அப்புறம் சிறுசேரி தம்பிகிட்ட ஒரு கேள்வி. செயின்ல யார் எதை மாத்தினாங்கனு அழியாத பதிவு இருக்கும்னு சொல்றீங்க. யார் எதைப் பாத்தாங்கனு இருக்குமா? எங்க காலத்துல கம்ப்யூட்டர்ல ஒரு கஸ்டமர் அக்கவுன்ட்டைச் சும்மா திறந்து பாத்தாலே ஆடிட்ல கேள்வி வரும்.

சிறுசேரி_ஐடி

சார், சரியான இடத்துல கை வெச்சீங்க. இருக்காது. செயின் எழுதறதைத்தான் பதியும், படிக்கறதைப் பதியாது. ஒரு நோடு வெச்சிருக்கறவன்கிட்ட மொத்த காப்பியும் இருக்கு, அவன் ராத்திரி உக்காந்து தன் மெஷின்ல என்ன தேடினாலும் யாருக்கும் தெரியாது. சொத்து மோசடிக்கு எழுதறதுதான் ஆபத்து, ப்ரைவஸிக்குப் படிக்கறதுதான் ஆபத்து. பிளாக்செயின் முதலாவதுக்கு மருந்து, ரெண்டாவதுல நோடு எண்ணிக்கைக்கு ஏத்தாப்ல ஆபத்தைக் கூட்டும். பதிவுத்துறை, வருவாய்த்துறை, பேங்குகள், மத்திய அரசோட கம்ப்யூட்டர் அமைப்பான என்ஐசினு ஆளுக்கொரு நோடு வெச்சா ஒரு காப்பி இருந்த இடத்துல பத்து காப்பி.

நம்ம தமிழ்நாட்டு மின்னாளுமை முகமை "நம்பிக்கை இணையம்"னு ஒரு பிளாக்செயின் கட்டமைப்பு வெச்சிருக்காங்க, சான்றிதழ்களுக்கு இ-பெட்டகம் ஆப் இருக்கு. மத்திய அரசு 2024 செப்டம்பர்ல "விஷ்வஸ்யா"னு ஒன்னு கொண்டு வந்தாங்க. நாளைக்குப் பத்திரப் பதிவு இதுல எதுக்குப் போனாலும் நாம முதல்ல கேக்க வேண்டியது எந்தக் கம்பெனி செஞ்சுதுங்கறது இல்ல. நோடு யார் யார்கிட்ட, ஒவ்வொரு நோடுலயும் முழு விவரமா ஹேஷ் மட்டுமா, என் பத்திரத்தை யார் திறந்து பாத்தாலும் எனக்கு எஸ்எம்எஸ் வருமா. மூணாவதுக்கு பிளாக்செயினே தேவையில்ல, இன்னிக்கு இருக்கற சிஸ்டத்துலயே செய்யலாம்.

பத்திரம்_ரைட்டர்

எஸ்எம்எஸ் வந்தா நல்லா இருக்கும் சார். ஒருத்தன் வேணும்னே ஒரே சொத்தோட நகலைத் திரும்பத் திரும்ப எடுக்கறான்னா ஏதோ வேலை நடக்குதுனு அர்த்தம், ஓனருக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

கைரேகை மேட்டர் யாரும் பேசல பாருங்க. 2001லேருந்து பத்திரத்துல போட்டோவும் ரேகையும் ஒட்டணும்னு சட்டமே கீது. அந்த ரேகை தெளிவா ஸ்கேன் ஆகி நகல்ல வந்துடுது.

பாரிஸ்_வக்கீல்

அண்ணன் சரியா ஞாபகப்படுத்தினார். 2022ல ஹைதராபாத் பக்கமும் 2023ல பெங்களூர்லயும் போலீஸ் பிடிச்ச கும்பல்கள் செஞ்சது இதான். பதிவுத்துறை வெப்சைட்ல கிடைச்ச பத்திர நகல்லேருந்து கைரேகையை எடுத்து, சிலிக்கான் மாதிரி பொருள்ல அச்சு செஞ்சு, ஆதார் வழியா பணம் எடுக்கற மெஷின்ல வெச்சு மத்தவங்க அக்கவுன்ட்லேருந்து உருவிட்டாங்க. ஓடிபி கிடையாது, பின் கிடையாது, ஆதார் நம்பரும் ரேகையும் போதும், ரெண்டுமே ஒரே பத்திரத்துல கிடைச்சா கேக்கவே வேணாம். அப்புறம்தான் மாநிலங்கள் நகல்ல ரேகையை மறைக்க ஆரம்பிச்சாங்க.

இதே பத்திரங்கள் முழு படமா ஒரு பொது செயின்ல ஏறியிருந்தா எதை மறைச்சிருப்பாங்க? மறைக்க முடிஞ்சதுக்குக் காரணமே அது சாதா சர்வர்ல இருந்ததுதான். பாஸ்வேர்டை மாத்திக்கலாம், கட்டைவிரலை மாத்த முடியாது. ஸ்கேன் படம், ரேகை, ஐடி நம்பர் இந்த மூணும் எந்தக் காலத்துலயும் செயின் பக்கமே போகக்கூடாதுனு சட்டத்துலயே எழுதணும், டெண்டர்ல எழுதினா பத்தாது.

க்ரிப்டோ_மச்சி

ஓகே சார், பொது செயின்ல முழு பத்திரம் வேணாம், ஒத்துக்கறேன். ஆனா ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் வந்துடுச்சு, "இந்தச் சொத்துக்கு வில்லங்கம் இல்ல"னு மட்டும் நிரூபிச்சா போதும், உள்ள இருக்கற எதையும் காட்ட வேணாம். அப்ப எல்லாம் சரியாயிடும்ல?

சிறுசேரி_ஐடி

கணக்குப்படி முடியும், அழகான விஷயம்தான். ஆனா இங்க நிலத்தை வாங்கறவர் முப்பது வருஷ வில்லங்கத்தை வரி வரியாப் படிக்கணும்னு வக்கீல் சொல்லுவார், ஏன்னா பிரச்சனை வரிகளுக்கு நடுவுல இருக்கும், விட்டுப்போன வாரிசு, ரத்து பண்ணின பவர், பட்டால ஒரு பரப்பு பத்திரத்துல ஒரு பரப்பு. "இருக்கு, இல்ல"னு ஒரு பச்சை டிக் போட்டா எந்த வக்கீலும் லீகல் ஒப்பினியன் குடுக்க மாட்டார். பேங்க் கேட்டா வயசு, வருமானம் மாதிரி சின்னச் சின்ன விஷயத்துக்கு அது சரி.

மடிப்பாக்கம்_வாடகை

அப்டேட். பில்டர் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். சர்வர் எங்க இருக்கு, என்ன விவரம் செயின்ல ஏறும், புக்கிங் கேன்சல் ஆனா எப்படி அழிப்பீங்கனு எழுத்துல குடுங்கன்னேன். மேனேஜர் கொஞ்ச நேரம் யாருக்கோ போன் போட்டுட்டு வந்து, ஆப் கட்டாயம் இல்ல சார், பேப்பர்லயே அக்ரிமென்ட் போட்டுக்கலாம்னுட்டார்! பான் மட்டும் வேணும்னார்.

பாரிஸ்_வக்கீல்

பான் கேக்கறது நியாயம், 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா நீங்க 1% டிடிஎஸ் பிடிச்சுக் கட்டணும். ஆதாருக்கு இப்போதைக்கு கடைசி நாலு டிஜிட் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் குடுங்க. ஜெராக்ஸ் குடுத்தா குறுக்க "இந்த ஃபிளாட் புக்கிங்குக்கு மட்டும்"னு தேதியோட எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி மூலப்பத்திரத்தை யாராவது வக்கீல்கிட்ட காட்டிடுங்க, செயின்ல இருக்குனு விட்டுடாதீங்க.

பெரம்பூர்_அக்கா

நாங்க ஏற்கனவே பதிஞ்சாச்சே, எங்க ரேகை நகல்ல போயிருந்தா என்ன பண்றது?

சிறுசேரி_ஐடி

ஆதாரோட அதிகாரப்பூர்வ ஆப்ல பயோமெட்ரிக் லாக்னு ரேகையைப் பூட்டற வசதி இருக்கும், போட்டுடுங்க அக்கா. வீட்ல எல்லாருக்கும் போடுங்க, முக்கியமா பெரியவங்களுக்கு.

பெரம்பூர்_அக்கா

அப்புறம் ரேஷன் கடைல ரேகை வெச்சா எடுக்குமா?

சிறுசேரி_ஐடி

லாக்ல இருந்தா எடுக்காது. க்யூல உங்க முறை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆப்ல தற்காலிகமா அன்லாக் பண்ணிக்கங்க, கொஞ்ச நேரத்துல அதுவா திரும்ப லாக் ஆயிடும்.